ஊரின் நடுக்குடும்ப வருவாய்

ஓர் ஊர் செழித்ததோ நலிந்ததோ என்று வினவுவார்க்குக் கண்ணாற் கண்டே விடை கூறிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். சென்னையினின்றும் பழைய மாமல்லபுரச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வார், சோழிங்கநல்லூரையும் செம்மஞ்சேரியையும் கடந்து நாவலூரை அடையும்பொழுது, இருமருங்கும் உயர்ந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளையும் கடைவரிசைகளையும் காண்பர். அதற்கு அப்பால் சிறுசேரியில் சிப்காட் நிறுவனத்தார் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. நெல்வயலும் ஏரிப்பாய்ச்சலுமாய் இருந்த நிலத்தில் இவை எழுந்தமையை அவ்வட்டாரத்து முதியோர் எடுத்துரைப்பர். இவற்றைக் கண்ட வழிப்போக்கர், “நாவலூரார் நல்வாழ்வு பெற்றனர்” என்று முடிவு கட்டிவிடுதல் இயல்பே. நாவலூர் வளம் பெற்றது என்பதில் ஐயமில்லை. நாவலூரார் வளம் பெற்றனரா என்பது வேறு வினா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்ளுதலால் விளையும் மயக்கத்தையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒரு பகுதியின் வருவாயை ஓர் எண்ணாற் குறிக்க விரும்புவார் பெரும்பாலும் சராசரியையே நாடுவர். அது போதாது என்பதற்குக் கற்பனையான சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒன்பது குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றின் மாத வருவாய் ஆயிர ரூபாய்க் கணக்கில் 6, 7, 8, 9, 10, 12, 14, 20, 40 எனக் கொள்க. கூட்டினால் 126, ஒன்பதால் வகுத்தால் சராசரி 14. இனி, வருவாயின் ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் ஐந்தாம் குடும்பத்தை நோக்குக. அதன் வருவாய் 10. இதுவே இடைநிலையளவு எனப்படும். நடுக்குடும்ப வருவாய் என்று நாம் இக்கட்டுரையிற் கூறுவதும் இதனையே. ஒன்பதாம் குடும்பத்தின் வருவாய் 40 என்பதினின்றும் 400 ஆயிற்று என்று வைத்துக்கொண்டால் சராசரி 54-க்கு ஏறிவிடும். ஏனைய எட்டுக் குடும்பங்களிற் பாதியளவு வருவாய் உடையதும் அவ்வூரில் இராது. இடைநிலையோ 10-லேயே நிற்கும். பொதுமக்கள் நிலையை உரைக்க இடைநிலையளவே ஏற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இது கற்பனை ஊருக்கு மட்டும் உரிய இயல்பன்று. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவினரும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2004-05-ஆம் ஆண்டில் நம் நாடெங்கும் 41,554 குடும்பங்களை நேரிற் கண்டு ஆய்ந்தனர். குடும்பம் ஒன்றன் ஆண்டு வருவாய்ச் சராசரி 47,804 ரூபாய் என்றும், இடைநிலை 27,857 ரூபாய் என்றும் அவ்வாய்வு கண்டது. சராசரியை மட்டும் கேட்டவர் நாட்டின் நடுக்குடும்பத்தைப் பற்றி எத்துணைத் தவறான எண்ணம் கொண்டிருப்பர் என்பதை மாணவர் உய்த்துணர்க.

ஆயினும் இடைநிலை என்ற சொல்லை அறிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. குடும்பம், வருவாய், ஊர் என்னும் மூன்று எளிய சொற்களுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிக்கலை உள்ளடக்கியது.

குடும்பம் என்பது ஓர் அடுப்பில் உண்போர் கூட்டம் என்று குடிமதிப்புக் கணக்கெடுப்பார் கொள்வர். ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். தந்தையும் இரு மைந்தரும் தலைக்குப் பத்தாயிரம் ஈட்டி ஓரடுப்பில் உண்டவரை அக்குடும்பத்தின் வருவாய் முப்பதாயிரம். மைந்தர்க்கு மணமாகி அடுப்பு மூன்றானால், முப்பதாயிரக் குடும்பம் ஒன்று மறைந்து பத்தாயிரக் குடும்பம் மூன்று தோன்றும். ஒருவரும் ஒரு காசும் இழக்கவில்லை; ஊரின் இடைநிலை மட்டும் தாழும். கூட்டுக்குடும்பம் குலைந்துவரும் ஒரு காலத்தை அதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிடுவார், வருவாயோடு குடும்பத்தின் தலைத்தொகையையும் குறித்துக்கொள்ளாவிடின் ஏமாறுவர்.

வருவாய் என்னும் சொல் இதனினும் வழுக்கலானது. மாதச் சம்பளம் பெறுவாரிடத்தில் தொல்லையில்லை. உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர், கொத்தர், சிறுகடைக்காரர் ஆகியோரிடத்தில் மாத வருவாய் என்று ஒன்று இருப்பதாகவே கொள்ளல் இயலாது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையில், விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. தடைக்காலத்தில் ஒருவரை வினவினால் ஒரு விடையும், மீன் மிகும் பருவத்தில் வினவினால் வேறு விடையும் வரும். கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையேயுள்ள உப்பளங்களிலும் மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். ஆதலின் பன்னிரண்டு மாதத்தையும் பருவம் பருவமாகப் பிரித்துக் கேட்டுக் கூட்டுதலே முறை. வீட்டில் விளைந்து வீட்டிலேயே உண்ட நெல்லும், கூலியாகப் பெற்ற நெல்லும், வலையினின்று குழம்புக்கு எடுத்த மீனும் விலை மதித்துச் சேர்க்கற்பாலன. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் விலையின்றி அளிக்கப்பட்டுவரும் அரிசியைச் சேர்ப்பதா, விடுவதா? சேர்க்கலாம், விடலாம், ஒரு காலத்திற் சேர்த்து மற்றொரு காலத்தில் விடுதல் மட்டும் ஆகாது.

நாவலூரைப் பொறுத்தமட்டில் எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு நில விற்பனை. ஒரு காணி நிலத்தை உழுது உண்டுவந்த குடும்பம் அதனைக் கட்டடம் கட்டுவார்க்கு விற்று, ஒரே ஆண்டிற் பல இலட்சம் கைக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பணம் வருவாயா? ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஹிக்ஸ் 1939-இல் வெளியிட்ட தம் நூலில் வருவாய்க்கு ஒரு வரையறை வகுத்தார். ஒருவர் ஒரு காலப்பகுதியிற் செலவிட்ட பின்னும், அதன் தொடக்கத்தில் எத்துணை உடையவராய் இருந்தாரோ அத்துணை உடையவராய் இறுதியிலும் இருப்பாராயின், அங்ஙனம் செலவிடக்கூடிய பேரளவே அவர் வருவாய் என்பது அதன் கருத்து. இவ்வளவுகோலால் நோக்கின், நிலத்தின் விலை வருவாயன்று. உடைமை ஓர் உருவை விட்டு வேறோர் உரு எடுத்தல் மட்டுமே. வயல் பணமாயிற்று, அவ்வளவே. அப்பணத்தால் வீடு கட்டி வாடகை பெறின் அவ்வாடகை வருவாய்; வைப்பில் இட்டு வட்டி பெறின் அவ்வட்டி வருவாய். மணவினைக்கும் மருத்துவத்துக்கும் கரைந்துவிடின், நெல் தந்துகொண்டிருந்த வயலும் போய்ப் பணமும் போய், அக்குடும்பத்தின் வருவாய் முன்னையினும் தாழ்ந்ததாகும். விற்ற ஆண்டில் மட்டும் கணக்கெடுத்தவர் அக்குடும்பத்தைச் செல்வர் வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கேட்பவர் யாவர் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். பெண் கேட்டு வந்தாரிடம் கூறும் வருவாயும் கிராம நிர்வாக அலுவலரிடம் கூறும் வருவாயும் ஒன்றாயிருத்தலை நாம் கண்டதில்லை. இதனைப் பொய்யென்று பழித்தல் எளிது. காரணத்தை அறிதலே ஆராய்ச்சியாளர் கடன். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் பெறுதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருவாய் 2.5 இலட்சத்துக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்று விதித்தனர். மாணவர் உதவித்தொகைக்கும் இவ்வாறே வரம்புகள் உண்டு. வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் ஏழைத் தாய் ஒருத்தி, குறிப்பேட்டோடு வந்த அயலாரிடம் தன் முழு வருவாயையும் ஏன் கூறவேண்டும்? எனவே “உம் வருவாய் யாது?” என்று ஒரே வினாவாகக் கேளாது, ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில், பருவத்துக்குப் பருவம் சிறு வினாக்களாகக் கேட்டு, விடைகளை நாமே கூட்டிக்கொள்ளுதல் நலம்.

அரசாங்கக் கணக்குகளில் நாவலூரின் நடுக்குடும்ப வருவாய் எங்கேனும் கிடைக்குமா என்று பார்ப்போம். பத்தாண்டுக் குடிமதிப்பு வருவாயைக் கேட்பதில்லை. வீட்டின் கூரை, குடிநீர், வண்டி, தொலைக்காட்சி முதலியவற்றையே கேட்கும். அதுவும் 2011-க்குப்பின் 2021-இல் நடைபெறவேண்டியது தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு வருவாயைத் தொட்டது உண்மையே. ஆயின் சிற்றூர்களில் அது கேட்டது குடும்ப வருவாயையன்று. குடும்பத்தில் மிகுதியாக ஈட்டும் ஒருவரின் மாத வருவாயையே கேட்டது. அதற்கு வைத்த வகுப்புகளும் மூன்றே: 5,000-க்குக் கீழ், 5,000 முதல் 10,000 வரை, 10,000-க்கு மேல். நாட்டின் சிற்றூர்க் குடும்பங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு முதல் வகுப்பில் வீழ்ந்தது.

வகுப்புக் கணக்கினின்று இடைநிலை காணும் வாய்பாட்டை மாணவர் அறிவர். இடைநிலை எவ்வகுப்பில் வீழ்கின்றதோ அவ்வகுப்பின் கீழெல்லையைக் கொண்டு, பாதித் தொகையை எட்ட இன்னும் எத்துணைக் குடும்பம் வேண்டுமோ அதனை அவ்வகுப்பின் குடும்பத் தொகையால் வகுத்து, வகுப்பின் அகலத்தாற் பெருக்கிக் கூட்டவேண்டும். இங்கே கீழெல்லை சுன்னம், முக்காற்பங்கில் அரைப்பங்கை எட்ட மூன்றில் இரண்டு, அகலம் 5,000. ஆகவே இடைநிலை 3,333 ரூபாய் என்று விடை வந்துவிடும். எண் வந்ததே ஒழிய அறிவு வரவில்லை. சுன்னம் முதல் ஐயாயிரம் வரை குடும்பங்கள் சமமாகப் பரவி நிற்கின்றன என்று வாய்பாடு தானே எண்ணிக்கொண்டது. ஒரு ரூபாயும் ஈட்டாதார் தொகையும் நாலாயிரம் ஈட்டுவார் தொகையும் ஒன்றென்று யார் ஒப்புவர்? இக்கணக்கினின்று நேர்மையாகக் கூறக்கூடியது, மிகுதியாக ஈட்டுவாரின் இடைநிலை வருவாய் 5,000-க்குக் குறைவு என்பது மட்டுமே.

தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் மகலநோபிசின் முயற்சியால் தோன்றியது. அது செலவைக் கேட்டுவந்ததேயன்றி வருவாயைத் தொடர்ந்து கேட்டதில்லை. 1950-களிலும் 1960-களிலும் வருவாயைக் கேட்டுப் பார்த்தனர்; 1983-84-இல் முன்னோட்டமும் நடத்தினர். மக்கள் கூறிய வருவாய், அவர்களே கூறிய செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகையினும் குறைவாயிருந்தது, ஆதலின் கைவிட்டனர். 2026-இல் நாடளாவிய குடும்ப வருவாய் ஆய்வு ஒன்று நடத்தப்படும் என்று 2025-இல் அறிவிப்பு வெளியாயிற்று. செலவாய்வையே வருவாய்க்கு ஈடாகக் கொள்ளலாமெனின், 2022-23-ஆம் ஆண்டுச் செலவாய்வு தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குத் தலைக்கு மாதம் 5,310 ரூபாய் என்றும், நகரங்களுக்கு 7,630 ரூபாய் என்றும் தெரிவித்தது. இவை வருவாயல்ல, செலவு, இடைநிலையல்ல, சராசரி, குடும்பத்துக்கல்ல, தலைக்கு, நாவலூருக்கல்ல, மாநிலத்துக்கு. அவ்வாய்வு நாடெங்கும் கண்டது 8,723 சிற்றூர்களையும் 6,115 நகரப் பகுதிகளையுமே. நம் நாட்டுச் சிற்றூர்களோ ஆறு இலட்சத்தை ஒட்டியவை. நாவலூர் அவற்றுள் ஒன்றாக அகப்பட்டிருப்பினும், அங்கே பார்க்கப்பட்ட குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கனவாகவே இருந்திருக்கும்.

சிற்றெல்லைக்கு மாதிரி போதாமை நமக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2005 முதல் முழு அளவில் நடந்துவரும் சமுதாய ஆய்வு, சிறு பகுதிகளுக்கு ஓராண்டு விடைகளை நம்பாது, ஐந்தாண்டு விடைகளை ஒன்றாகத் திரட்டியே இடைநிலை வருவாயை வெளியிடுகின்றது; ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் பிழையெல்லையை அச்சிடுகின்றது. இம்முறையால் எண் உறுதிப்படும். ஆயின் விரைந்து மாறும் ஊரில் அது எந்த ஆண்டின் எண் என்று கூறல் அரிதாகும். மற்றொரு வழியை ஃபே, ஹெரியட் என்னும் இருவர் 1979-இல் விளக்கினர். ஆயிரம் பேருக்குட்பட்ட ஊர்களுக்கு, அவ்வூரின் மாதிரி கூறும் எண்ணையும், வரி, வீட்டு மதிப்பு முதலியவற்றாற் கணித்த எண்ணையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்பக் கலந்து ஒன்றாக்கினர். தன் கையில் இல்லாத வலிமையை அயலாரிடம் கடன் வாங்குதல் போன்றது இது.

கடன் கொடுப்பவர் நம்மை ஒத்தவராயிருந்தால் நன்று. நாவலூர் எவரிடம் கடன் வாங்கும்? தெற்கே சிறுசேரியும் வடக்கே செம்மஞ்சேரியும் அண்டை ஊர்கள். செம்மஞ்சேரியில் 2000-க்குப் பிந்திய முதற் பத்தாண்டில், சென்னை நீர்க்கரைக் குடிசைப்பகுதிகளினின்று அகற்றப்பட்டாரும் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் வீடிழந்தாருமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கூப்பிடு தூரத்தில் மென்பொருள் எழுதுவார் வாழும் மாடிவீடுகள். இவ்விரண்டினின்றும் பாதிபாதி கடன் பெற்று நாவலூருக்கு ஓரெண் கூறினால், அஃது எவருடைய வாழ்வையும் உரையாது.

மூன்றாவது சொல்லாகிய ஊருக்கு இங்ஙனம் வந்துவிட்டோம். எல்லை மாறினால் எண் மாறும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997-இற் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019 நவம்பர் 29-இற் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. பெயர் ஒன்றேயாயினும் நிலம் ஒன்றன்று. 2011-இற் சென்னை மாநகராட்சி விரிந்தபோது செம்மஞ்சேரி அதனுட் புகுந்தது. நாவலூர் எல்லைக்கு வெளியே நின்றது. இரண்டையும் சேர்த்து எண்ணிய ஆண்டின் இடைநிலையைப் பிரித்து எண்ணிய ஆண்டோடு ஒப்பிட்டால், மாறியது வாழ்வா, வரைபடமா என்று தெரியாது.

எல்லை அசையாது நின்றாலும் உள்ளே வாழ்வார் மாறுவர். இதுவே இப்பொருளின் உயிர்நாடி. முன்கூறிய ஒன்பது குடும்பங்களுக்கே திரும்புவோம். சில ஆண்டுகள் சென்றன. விலைவாசி இரட்டித்தது, ஒன்பது குடும்பங்களின் வருவாயும் சரியாக இரட்டித்தது. ஆகவே ஒருவரும் உயரவுமில்லை, தாழவுமில்லை. இதற்குள் அவ்வூரில் மாடிவீடு கட்டிப் பத்துக் குடும்பங்கள் புதிதாகக் குடியேறின. அவற்றின் வருவாய் ஆயிரக் கணக்கில் 60, 70, 75, 85, 90, 95, 100, 110, 120, 150. இப்பொழுது பத்தொன்பது குடும்பம். நடுவில் நிற்கும் பத்தாம் குடும்பத்தின் வருவாய் 70. விலையேற்றத்தைக் கழித்தால் 35. ஊரின் நடுக்குடும்ப வருவாய் 10-இனின்று 35-க்கு உயர்ந்தது என்று அறிக்கை எழுதலாம், எண்ணிற் பிழையில்லை. பழங்குடிகளில் ஒருவருக்கும் ஒரு பிடி சோறு மிகவில்லை என்பது அவ்வெண்ணுக்குத் தெரியாது.

இதற்கு மறுதலையும் உண்டு. புதியார் வாராமலே, வாடகை ஏற்றம் தாளாது அடிமட்டத்து மூன்று குடும்பங்கள் ஊரை விட்டு நீங்கினால், எஞ்சிய ஆறன் இடைநிலை 10-இனின்று 13-க்கு ஏறும். வறியார் விரட்டப்பட்டமை வளர்ச்சியாகத் தோன்றும். வீடிழந்த ஆறு எளிய குடும்பங்களை அவ்வூரில் அரசாங்கம் குடியமர்த்தி, அவற்றின் வருவாய் 5, 5, 6, 6, 7, 7 ஆயிருப்பின், பதினைந்தன் இடைநிலை 7-க்கு இறங்கும். ஒருவரும் ஒன்றும் இழக்கவில்லை. இடம் கொடுத்த ஊர் நலிந்த ஊராகக் கணக்கில் ஏறும். இவ்வெண்களை நாம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டோம். ஆயினும் இம்மூன்று நிகழ்ச்சிக்கும் அச்சாலையோரத்தில் இடமில்லை என்று கூறுவார் இலர்.

விலைவாசியைக் கழித்தல் என்று எளிதாகக் கூறினோம். அதிலும் ஒரு சொல் வேண்டும். தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையாண்டு 1960, 1982, 2001, 2016 என மாறிவந்தது. 1982 தொடரை 2001 தொடரோடு இணைக்கும் காரணி 4.63, 2001-ஐ 2016-ஓடு இணைப்பது 2.88. இரண்டையும் பெருக்கினால் 13.33. அஃதாவது 1982-இல் 1,000 ரூபாய் ஈட்டிய குடும்பம் 2016-இல் அந்நிலையிலேயே நிற்க ஏறத்தாழ 13,300 ரூபாய் ஈட்டவேண்டும். ஆனால் நாவலூர் போன்ற ஊரில் பழங்குடியும் புதுக்குடியும் ஒரே கூடையை வாங்குவதில்லை. வீட்டு வாடகை ஏறுவது வீடுடையார்க்கு வருவாய். அதே தெருவில் ஒற்றை அறையில் வாழும் கட்டடத் தொழிலாளிக்கு இழப்பு. ஒரே குறியீட்டெண்ணால் இருவரையும் அளத்தல், ஒரே செருப்பை இருவர்க்கும் இடுதலாம்.

அங்ஙனமாயின் ஊராரின் நிலையை அறிய வழியாது? வழியைப் பண்டே சிலர் காட்டியுள்ளனர். இவ்வட்டாரத்துக்கே உரிய பழஞ்சான்று ஒன்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்த செங்கற்பட்டுச் சாகீரில், பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை இரண்டாயிரத்தை ஒட்டிய ஊர்களை அளந்து, வீடு, நிலம், விளைவு, ஊர்ப்பணியாளர்க்குரிய பங்கு ஆகியவற்றைப் பதிவு செய்தார். அக்காலத்து ஊர்க்கணக்கு ஓலைகளும் எஞ்சியுள்ளன; அவற்றுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்களின் கணக்கு 2001-இல் நூலாக வெளிவந்தது. திருப்போரூர் நாவலூருக்குத் தெற்கே அதே சாலையில் உள்ள ஊர். அக்கணக்கில் ரூபாய் வருவாய் இல்லை. இருப்பினும் இன்னாருக்கு இவ்வளவு நெல் என்று விளைவு பங்கிடப்பட்ட முறை உண்டு. எண்ணை விட்டு ஆளைப் பற்றி நிற்கும் கணக்கு அது.

இரண்டாவது, மாணவராகிய நமக்கு மிக அணுக்கமானது. 1915-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பினார். காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலாபுரம் முதலிய ஊர்களின் நிலவுடைமை, கூலி, கடன், தொழில் ஆகியவை அங்ஙனம் திரட்டப்பட்டு 1918-இல் நூலாயின. பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1936-37-இல் அவ்வூர்களை மறுமுறை ஆய்வித்து 1940-இல் வெளியிட்டனர். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையாரும், 1980-களிற் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டு 2008-இலும் ஆராயப்பட்டது. தொண்ணூறாண்டுக் காலம் ஒரே ஊரைத் தொடர்ந்து நோக்கிய சான்று உலகிற் பல இல்லை. அவ்வறிக்கைகளிற் பெரும்பயன் தருவன நிலம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது, உழவுக்கூலி செய்தார் மக்கள் எத்தொழிலிற் புகுந்தனர், யார் வெளியேறினர் என்பன. இடைநிலை என்னும் ஓரெண்ணைத் தேடி அவற்றைப் புரட்டுவார் வறுங்கையோடு மீள்வர்.

நாவலூரில் இன்று இவ்வாய்வைத் தொடங்க விரும்பும் மாணவர் குழு இரண்டு இடைநிலைகளைத் தனித்தனியே காணவேண்டும் என்பதே நம் கருத்து. ஒன்று, கணக்கெடுக்கும் நாளில் ஊரெல்லைக்குள் வாழும் எல்லாக் குடும்பங்களின் இடைநிலை. மற்றொன்று, குறித்ததொரு பழைய ஆண்டில் அங்கு வாழ்ந்த குடும்பங்களின் இடைநிலை. அவர் இன்று எங்கு வாழினும் சரி. முன்னது ஊரின் கணக்கு, பின்னது ஊராரின் கணக்கு. இரண்டும் ஒருங்கே உயர்ந்தால் மகிழலாம். முன்னது உயர்ந்து பின்னது நின்றுவிட்டால், வந்த செல்வம் வந்தாரோடு வந்தது என்று அறியலாம். ஊராட்சி வரிப்பணமும் குடிநீரும் பள்ளியும் யாருக்கு முதலில் வேண்டும் என்று வாதிடுவார்க்கு இவ்வேறுபாடே ஆதாரமாகும். முதலெண் ஒன்றையே காட்டி, “இது செல்வர் ஊர், உதவி வேண்டா” என்று ஒருவர் கூறிவிட்டால், பழைய தெருவில் வாழ்வார்க்கு மறுமொழி கூற ஓரெண்ணும் இராது.

எத்துணைக் குடும்பங்களைக் காணவேண்டும்? நூறு குடும்பங்களை உண்மையான குலுக்கல் முறையில் எடுத்து வருவாயின் ஏறுவரிசையில் நிறுத்தினால், ஊரின் மெய்யான இடைநிலை 40-ஆம் குடும்பத்துக்கும் 61-ஆம் குடும்பத்துக்கும் இடையில் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு கூறலாம். இருபத்தைந்தே குடும்பமாயின் அவ்வெல்லை 8-ஆம் குடும்பம் முதல் 18-ஆம் குடும்பம் வரை விரிந்துவிடும். வரிசையில் நிறுத்தத் தெரிந்தால் போதும். கடினமான கணிதம் வேண்டா. இவ்வெல்லையை வெளியிடாது நடுவெண்ணை மட்டும் வெளியிடுதல் கற்றார்க்கு அழகன்று. காவலர் நிற்கும் வாயிலுக்குள் மாணவர் எளிதிற் புக இயலாது. பழைய தெருக்களிலோ கதவு திறந்தே இருக்கும். ஆதலின் குடியிருப்போர் சங்கத்தாரின் இசைவை முன்னரே பெற்றாலன்றி, மாடிவீட்டார் மாதிரியிற் குறைந்து, முதல் இடைநிலை தாழ்ந்து தோன்றும்.

இரண்டாம் இடைநிலைக்கு உழைப்பு மிகுதி. மேற்கூறிய 41,554 குடும்பங்களை 2011-12-இல் மீண்டும் தேடிச் சென்றோர் நூற்றுக்கு 83 அளவில்தான் கண்டுபிடித்தனர். காணப்படாதார் பெரிதும் இடம் பெயர்ந்தாராகவே இருப்பர்; நாவலூரில் நாம் முதன்மையாக அறியவேண்டியவரும் அவரே. பழைய வாக்காளர் பட்டியல் தெருவாரியாக, வீட்டெண் வரிசையில் அமைந்துள்ளது. அதனினின்று குடும்பப் பட்டியலைத் தொடங்கலாம். பின்னர்த் தெருவின் முதியோர் நால்வரைத் தனித்தனியே கண்டு, ஒவ்வொரு வீட்டெண்ணுக்கும் எதிரே அவ்வீட்டார் உளரோ, பிரிந்தனரோ, எங்குச் சென்றனரோ என்று குறித்துக்கொள்க. நால்வர் கூற்றும் ஒத்த இடத்தில் ஒரு குறியும், மாறுபட்ட இடத்தில் வேறு குறியும் இடுக. பெயருக்கு ஈடாக எண்ணை இட்டுப் பெயரேட்டைப் பேராசிரியர் பொறுப்பில் வைத்துவிடுதல் வேண்டும். முதற் கோடை விடுமுறை முழுவதும் இப்பட்டியலை முடித்தற்கே செல்லும். அதற்கு முன் எவரிடமும் வருவாயைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பற்க.